முதல் விமானத்துக்குக் கட்டிய இஹ்ராம்

ரத்மலானை விமான நிலையத்து வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற எல்லாரும் ஆமினா உம்மாவின் கணவரைத்தான் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? திருகோணமலையிலிருந்து வந்து இறங்கிய அந்தச் சின்ன விமானத்தில் கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர்களும், கடற்படை ஆட்கள் சிலரும், இரண்டு வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே முத்தலிப், இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி, தோளில் ஒரு வெள்ளைத் துணி, தலையில் தொப்பிகூட இல்லாமல், தையல் போடாத அந்த இரண்டு துண்டுகளும் ஈரக்காற்றில் பறந்துவிடாதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் உடுக்கிற இஹ்ராம்தான். ஆனால் அதை உடுத்துக்கொண்டு ரத்மலானையில் டாக்சி தேடுகிறவரைக் கொழும்பு அதிகம் கண்டதில்லை.

டாக்சிக்காரர் ஸெய்னுதீன் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. பெட்டிகள் இரண்டையும் பின்னால் ஏற்றிவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்து, “கட்டுநாயக்காவுக்குத்தானே ஹாஜியார்?” என்று கேட்டார். மக்காவைக் கண்ணால் காணுமுன்பே பட்டம் கிடைத்துவிட்டது. முத்தலிப் அதை மறுக்கவும் இல்லை.

“அஞ்சு மணிக்கு பிளேன். மூணு மணிக்கு அங்க நிக்கணுமாம்.”

மணி பன்னிரண்டாகியிருந்தது. ஒன்பது மணிக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டியவர்கள். மழை விட்டால்தான் கிளம்பலாம் என்று திருகோணமலைச் சீனக்குடா விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் உட்கார வைத்துவிட்டார்கள். ஆமினா உம்மா பின்னிருக்கையில் ஏறி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மடியிலிருந்த கைப்பையைத் திறந்து அந்தப் பழைய கடித உறை இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தாள். ஒரு நகரத்துக்கு எதற்கு இரண்டு விமான நிலையங்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. உள்ளூரில் ஓடுகிற விமானம் தெற்கே இறங்குமாம், உலகத்துக்குப் போகிற விமானம் வடக்கே ஏறுமாம், நடுவே கிடக்கிற கொழும்பை அவரவர் தம் பாட்டில் கடந்துகொள்ள வேண்டுமாம். அந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவர்களுக்காக அவள் இரண்டு நாளாகத் துஆக் கேட்டு வந்தாள். ஏனென்றால் அந்த நடுவில் தெமட்டகொடை இருந்தது. தெமட்டகொடையில் அவளுடைய மூத்த மகள் ஜெமீலா இருந்தாள்.

வெள்ளவத்தை தாண்டும்வரை ஸெய்னுதீன் வாயை அடக்கிக்கொண்டு ஓட்டினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“ஹாஜியார், ஒண்டு கேக்கட்டா? குறை நினைக்க வாணாம். இஹ்ராம் எங்க கட்டினீங்க?”

“ஊட்டிலதான். சுபஹுத் தொழுகைக்குப் பொறகு. நிய்யத்தும் வச்சாச்சு.”

“எல்லாரும் கட்டுநாயக்காவிலதான் கட்டுவாங்க. சிலபேர் பிளேனுக்குள்ள. நான் எத்தனை பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கன். பிழையில்ல, பிழையில்ல. ஆனா இவ்வளவு முந்தி கட்டினா கஷ்டம்தானே, நகம் வெட்ட ஏலாது, வாசம் பூச ஏலாது, ஒருத்தரோட கோபமாக் கதைக்கவும் ஏலாது.”

முத்தலிப் மெதுவாகப் பின்னிருக்கைப் பக்கம் திரும்பினார். முப்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குச் சுமை ஏற்றுகிற ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தவர். பாரம் தூக்கும் வின்ச் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. அவர் வீட்டில் உப்புக் குறைந்தால் அவர்கள் ஊரான கிண்ணியாவில் நாலு வீட்டுக்குத் தெரியும்.

“பிளேன் ஏற முந்திக் கட்டுங்க எண்டுதானே மௌலவி செல்லினார்?” என்று மனைவியைக் கேட்டார்.

மௌலவி சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன நாளில் ஒரு விமானம்தான் இருந்தது. கொழும்புவரை இரவு ரயில், பிறகு கட்டுநாயக்காவில் விமானம் என்பதுதான் ஏற்பாடு. கார்த்திகை மழை கந்தளாய்ப் பக்கம் தண்டவாளத்தை மூடிவிட, இளைய மருமகன் ஓடித்திரிந்து சீனக்குடாவிலிருந்து இரண்டு இருக்கை பிடித்துத் தந்தார். ஒரு விமானம் இரண்டானது. அதை மௌலவியிடம் சொல்லிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆமினா உம்மாவுக்குத் தோன்றியது. காலையில் குளித்துவிட்டு வெள்ளைத் துணியோடு அவர் அறைக்குள்ளிருந்து வந்தபோதே தோன்றியது. இப்போது வேண்டாம், இது அந்த விமானம் இல்லை என்று சொல்ல வாய் திறந்தவள், இஹ்ராமில் இருக்கிறவர் சண்டை போடக் கூடாது, தெமட்டகொடை என்றாலும் கத்த முடியாது என்பதும் ஞாபகத்துக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டாள். கிண்ணியாத் துறையில் ஆளையும் மாட்டையும் ஜீப்பையும் ஒன்றாக ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைப் பாதையில் ஏறிய நேரத்திலிருந்து அவள் அதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டபடிதான் வந்தாள். கேட்டாளே தவிர, சொல்லவில்லை.

“இது அந்த பிளேன் இல்ல எண்டு உனக்குத் தெரியுமா?”

“ஓம்.”

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. வாய் திறந்து மூடியது. ஸெய்னுதீன் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பயந்துபோனார். முத்தலிப் முன்னால் திரும்பிக்கொண்டு “லப்பைக், அல்லாஹும்ம லப்பைக்” என்று ஓதத் தொடங்கினார். பம்பலப்பிட்டிச் சந்தியில் நடந்து போனவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் ஓதினார். கொள்ளுப்பிட்டியில்தான் அது கொஞ்சம் தணிந்தது.

“தெமட்டகொடைக்குப் போய்ப் போகணும்,” என்றாள் ஆமினா உம்மா. “அவள்ட பொறுப்புக் கேக்காம நான் இந்தப் பயணம் போக மாட்டன்.”

பயணத்துக்கு முன் அவர்கள் ஊர் முழுக்கப் போய்ப் பொறுப்புக் கேட்டாயிற்று. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்லி, செய்த பிழை எல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதுதான் வழக்கம். அவர்களும் பொறுத்தோம் என்பார்கள், துஆச் செய்யச் சொல்லுவார்கள், தேத்தண்ணி தருவார்கள். மூன்றாம் வீட்டுக்காரரின் ஆட்டுக்கு முத்தலிப் ஒரு தரம் கல்லெறிந்திருந்தார். அதைச் சொல்லிப் பொறுப்புக் கேட்டபோது அந்த மனிதர் இதுதான் சமயமென்று வேறு மூன்று பழைய கணக்கையும் ஞாபகப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறுத்தார். அப்படிக் கேட்டு முடிந்த இரவுதான் மௌலவி பள்ளிவாசல் பயானில் சொன்னார்: மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும், அதுவும் என்ன பிழை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த ஆமினா உம்மாவுக்கு அன்றைக்குப் போன நித்திரை இன்னும் திரும்பி வரவில்லை.

பதினொரு வருடத்துக்கு முந்தைய கதை. கொழும்புத் துறைமுகத்திலிருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வந்த ஒரு கிரேன் ஓட்டுநரை ஜெமீலா விரும்பினாள். வாப்பா சம்மதம் தர மாட்டார் என்று தெரிந்ததும், வேறு இடத்து மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிற அன்று பகலிலேயே வீட்டை விட்டு இறங்கி, காதியாரிடம் போய் நிக்காஹ் முடித்துக்கொண்டாள். தட்டுத் தட்டாகப் பலகாரம் அடுக்கிய குசினியில் நின்றபடி வந்தவர்களுக்குப் பதில் சொன்னது ஆமினா உம்மா. அவர்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதிலும் மூத்தவளுக்குத்தான் முதல். அந்த வீடு ஆமினா உம்மாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. ஜெமீலாவுக்கென்று வைத்திருந்த அந்த வீட்டை இளையவள் ரபீக்காவின் பெயருக்கு எழுதினார்கள். முத்தலிபின் பிடிவாதம் என்று ஊர் பேசியது. ஜெமீலாவும் அப்படித்தான் நம்பினாள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் தங்கைக்குக் கடிதம் போடுவாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘உம்மா பாவம், வாப்பாட பிடிவாதத்துக்கு அவ என்ன செய்வா?’ ரபீக்கா அதை உரக்க வாசிப்பாள். எழுதப்படிக்கத் தெரியாத ஆமினா உம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். முத்தலிப் எழுந்து வெளியே போய்விடுவார்.

“போய் என்ன செல்லப் போறாய்?” முத்தலிப் திரும்பாமலே கேட்டார். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது அவளுக்கே புதிது.

“உள்ளதை.”

“செல்லாத. வாயால ஒரு பொறுப்புக் கேளு, போதும். அவள் என்னைத்தானே ஏசுறாள், ஏசட்டும். எனக்குப் பழகிட்டுது.”

அவளுக்கு அழுகை வந்தது. உப்புக்குக் கத்துகிற மனிதர், இதற்கு மட்டும் பதினொரு வருடம் கத்தாமல் இருந்தவர்.

தெமட்டகொடையில் ரயில் கடவைக்கு அப்பால் ஒரு ஒழுங்கையின் வாயில் கார் நின்றது. உள்ளே போக அகலம் போதாது. “அரை மணித்தியாலம்தான் உம்மா,” என்றார் ஸெய்னுதீன். முத்தலிப் இறங்கவில்லை. அவள் மகளின் விலாசம் இருந்த உறையைக் காட்டிக் காட்டிக் கேட்டு, பொதுக் குழாயையும் சோப்பு நுரை ஓடுகிற கானையும் தாண்டி, பச்சைக் கதவு ஒன்றைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவளின் தோளில் அளவு நாடா தொங்கியது. முப்பத்திரண்டு வயதுக்கு முன்தலை நரைத்திருந்தது. ஜெமீலா “உம்மா” என்று அவளைக் கட்டிப் பிடித்தாள். சின்ன வீடு. ஒரு தையல் மெஷின், பக்கத்துக் கதிரையில் கடைக்குத் தைத்துக் கொடுக்கிற சட்டைக் கொலர்கள் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கணவர் வேலையில். உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் போவதாக ரபீக்கா எழுதியிருந்தாளாம். இரவு ரயிலில் வருவார்கள் என்றுதான் தெரியும். நேற்றுக் காலை மருதானை நிலையத்துக்குப் போய் ரயில் வராததைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம்.

“வாப்பாக்குத் தெரியாம வந்தீங்களா?”

“தெரியும். காருக்குள்ள இருக்கார்.”

ஜெமீலாவின் முகம் மாறியது. “எறங்க மாட்டாராமா? சரி, இரிக்கட்டும்.”

“மகள், நான் பொறுப்புக் கேக்க வந்தனான். ஊட்டை உனக்கில்லாமச் செஞ்சதுக்கு.”

“நீங்க என்ன உம்மா செஞ்சீங்க?” ஜெமீலா அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “உங்கட விரலை அவர் பிடிச்சு வச்சா நீங்க என்ன செய்வீங்க? பொறுத்தன் உம்மா. ஆயிரம் தரம் பொறுத்தன். பத்திரமாப் போயிட்டு வாங்க.”

கிடைத்துவிட்டது. கேட்டு வந்த சொல் கிடைத்துவிட்டது. பிழையின் பெயரையும் சொல்லியாயிற்று, மௌலவியின் கணக்குக்கும் சரி. இனி எழுந்து ஒழுங்கையால் நடந்து காரில் ஏறினால் மூன்று மணிக்கு முன்பே போய்விடலாம். கணவரும் அதைத்தான் விரும்பினார். கைகளில் மகளுடைய கன்னத்தின் சூடு பட்டபடி ஆமினா உம்மா நினைத்துப் பார்த்தாள்: இந்தக் கையைத்தான், இந்தப் பெருவிரலைத்தான் மை தொட்டுக் கடதாசியில் வைத்தது. யாரும் பிடிக்கவில்லை. இவள் பொறுத்தது வேறு யாரையோ. கிண்ணியாவில் இருக்கிற ஒரு பாவப்பட்ட உம்மாவை. அப்படி ஒருத்தி இல்லை. இல்லாத ஒருத்திக்குக் கிடைத்த பொறுப்பைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய் அல்லாஹ்வின் வீட்டு வாசலில் நிற்க அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் இந்தக் கன்னம் போய்விடும் என்பதும் பயமாக இருந்தது. எந்தப் பயம் பெரியது என்று அளந்து பார்க்க நேரமில்லை.

“அது வாப்பா இல்ல, ஜெமீலா.”

“என்னது?”

“ஊட்டை எழுத நொத்தாரிசைக் கூட்டி வரச் செல்லினது நான். வாப்பா வாணாம் எண்டார். கோபம் ஆறட்டும், ரெண்டு மாசம் பொறு எண்டார். நான் கேக்கல்ல. ஒரு ஓலைகூட அவளுக்குக் கெடையாது எண்டு சத்தியம் பண்ணினன். என்ட விரலை ஒருத்தரும் பிடிச்சு வைக்கல்ல. நான்தான் வச்சன்.”

கன்னத்திலிருந்து கை இறங்கியது. ஜெமீலா அதை உதறவில்லை, மெதுவாக அவள் மடியிலேயே வைத்துவிட்டாள். ஒரு கொலரை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“பெருநாளைக்கு நான் எழுதின கடுதாசியெல்லாம் ரபீக்கா வாசிச்சுக் காட்டினாளா?”

“ஓம்.”

“கடைசி வரியும்?”

“ஓம் மகள்.”

“அப்ப ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீங்க.”

வீட்டை எழுதியது ஒரு நாள் செய்த பிழை. அதற்குப் பிறகு வருடம் வருடமாகச் செய்த பிழை ஒன்று இருக்கிறது என்று ஆமினா உம்மா எண்ணிப் பார்த்ததே இல்லை. கேட்க வந்தது ஒன்றுக்கு, கேட்க வேண்டியிருந்தது பதினொன்றுக்கு. “பொறுத்துக்கொள்ளு புள்ள,” என்றாள்.

ஜெமீலா எழுந்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு உம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமலே ஒழுங்கையால் நடந்தாள். தூறல் மழையாகியிருந்தது. ஆமினா உம்மா கானோரமாக நனைந்து நனைந்து பின்னால் போனாள்.

முத்தலிப் காரை விட்டு இறங்கி ஒழுங்கை முனையில் நின்றார். காரிலேயே இருந்தவர் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. தொப்பி போடக் கூடாத தலையிலிருந்து தாடிக்குத் தண்ணீர் வடிந்தது. ஜெமீலா அவருக்கு முன்னால் போய் நின்று, குடையை விரித்து, தலையில் படாமல் உயர்த்திப் பிடித்தாள்.

“நனையுறீங்களே வாப்பா.”

அவர் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நனைந்து நின்ற மனைவியைப் பார்த்தார். “செல்லிட்டாளா?”

“ஓம்.”

“செல்லாத எண்டனான்.” தோள் துணியை இறுக்கிப் பிடித்தபடி, “மகள், நானும் உனக்குப் பிழை செஞ்சவன்தான். உன்ட நிக்காஹ்வுக்குச் சம்மதம் தரல்ல. நீ தலைப்பிள்ளை பெத்தப்ப வந்து பாக்கல்ல. பொறுத்துக்கொள்ளு,” என்றார்.

“பொறுத்தன் வாப்பா,” என்றாள் ஜெமீலா உடனே. “நீங்களும் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க. எவ்வளவு ஏசிட்டன்.”

ஸெய்னுதீன் ஹோர்ன் அடித்தார். ஒரு மணி தாண்டிவிட்டது.

ஜெமீலாவும் காரில் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பின்னிருக்கையில் உம்மா ஒரு யன்னல் பக்கம், மகள் ஒரு யன்னல் பக்கம், நடுவே ஈரக் குடை. களனிப் பாலத்தில் ஆறு கரை முட்டி ஓடியது. வத்தளையில் வாகனங்கள் நின்று நின்று போயின. ஜா-எலயில் ஸெய்னுதீன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். முன்னால் முத்தலிப் தணிந்த குரலில் ஓதிக்கொண்டே வந்தார். ஜெமீலா வெளியே தென்னந்தோட்டங்களைப் பார்த்தபடி இருந்தாள். அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு தரம் உம்மாவின் ஈரச் சேலைத் தலைப்பு கதவில் மாட்டியிருப்பதைக் கண்டு, கையை நீட்டி எடுத்து விட்டாள். அவ்வளவுதான். அது கோபம் குறைந்தா, தையல்காரியின் பழக்கமா என்று ஆமினா உம்மா கட்டுநாயக்கா வரும்வரை யோசித்தாள்.

சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை, சொன்னது சரி. சரி என்றால் ஏன் நெஞ்சு இப்படிக் கனக்கிறது? ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவர் ஹஜ்ஜுக்கென்று மனதில் உறுதி எடுத்து நிய்யத் வைத்துவிட்டவர், இனித் திரும்ப முடியாது. அவள் இன்னும் வைக்கவில்லை. அவள் திரும்பலாம். ஏழு வருடம் பெயர் கொடுத்துக் காத்திருந்து கிடைத்த அனுமதி, ரபீக்காவும் மருமகனும் ஓடித்திரிந்த ஓட்டம், ஊரெல்லாம் சொன்ன பயணம், எல்லாம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் திரும்பலாம்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கார் விமான நிலைய வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. முன்னால் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மழை சரிந்து அடித்தது. ஸெய்னுதீன் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டிகளோடு ஓடினார். ஜெமீலா குடையை விரித்து வாப்பாவை இறக்கி, அவருடைய வெள்ளைத் துணியில் சேறு தெறிக்காமல் பார்த்துப் பார்த்து அழைத்துப் போனாள்.

“இறங்கு, நேரமாகுது,” என்று முத்தலிப் நின்று திரும்பிச் சொன்னார்.

“நீங்க போங்க,” என்றாள் ஆமினா உம்மா.

அவர் ஏதோ கேட்க வாய் எடுத்தார். மகள் கையைப் பிடித்து நடத்தினாள். இருவரும் வாசல் வெளிச்சத்துக்குள் போய், அங்கே வெள்ளை உடுத்து நின்ற வேறு ஆட்களோடு கலந்து மறைந்தார்கள்.

ஆமினா உம்மா காருக்குள் தனியாக இருந்தாள். யாரையும் மிரட்டுவதற்காக இல்லை, மகள் பொறுத்தேன் என்று சொல்லாமல் நிய்யத் வைக்க அவளுக்குத் துணிவில்லை. கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்தாள். அது வெளிப்பக்கத்து மழை, துடைத்தும் போகவில்லை. கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். முகத்தில் சாரல் அடித்தது.

வாசலிலிருந்து ஒரு கறுப்புக் குடை வெளியே வந்தது. காற்று எதிரே வீசியதால் அதை முன்னால் சரித்துப் பிடித்தபடி வந்தது. சேலைக் கரையும், நனைந்த இரண்டு செருப்புக் கால்களும் மட்டும் தெரிந்தன. அவை வேகமாகவும் வரவில்லை, தயங்கவும் இல்லை. தேங்கிய தண்ணீரைச் சுற்றி, வாகனங்களுக்கு இடையால், காரை நோக்கி வந்துகொண்டிருந்தன. குடைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.